சவுல், பவுல், சின்னப்பர்: மூன்று பெயரும் ஒருவருக்கா?

ஆமாம், மூன்றும் ஒரே ஆள்தான்: இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த அப்போஸ்தலர். ஆனால் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தி வந்தவர், தமஸ்கு (டமாஸ்கஸ்) போகும் வழியில் மனம் மாறி இயேசுவை நம்பியதும் கடவுள் அவருக்குப் பவுல் என்று புதுப்பெயர் வைத்தார் என்று பலரும் சொல்வது சரியல்ல. அந்தச் சம்பவம் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூலின் 9-ஆம் அதிகாரத்தில் வருகிறது. வானத்துக் குரல் "சவுலே, சவுலே" என்றுதான் கூப்பிடுகிறது. பார்வை போன அவரைத் தேடி வந்த அனனியா என்ற சீடரும் சவுல் என்றே அழைக்கிறார். 13-ஆம் அதிகாரம் வரை அதே பெயர்தான். சைப்ரஸ் தீவில் பாப்போ ஊரில், ரோம அதிபதி செர்கியு பவுலின் முன்னால் நிற்கும்போதுதான், அவருக்குப் பவுல் என்றும் பெயர் உண்டு என்று போகிற போக்கில் சொல்லப்படுகிறது. அதிபதிக்கும் அதே பெயர் என்பது வேடிக்கைதான்!

அவர் தர்சு ஊர் யூதர், பென்யமீன் கோத்திரம். இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலும் அதே கோத்திரம். கூடவே பிறப்பாலேயே ரோமக் குடிமகன். அதனால் வீட்டில் யூதப் பெயர் சவுல், வெளியில் ரோமப் பெயர் பவுல்.

அப்புறம் சின்னப்பர்: பவுல் என்பதன் லத்தீன் வடிவம் பவுலுஸ்; அதற்குச் சிறியவர் என்று அர்த்தம். கத்தோலிக்கர் அதை அப்படியே தமிழாக்கிவிட்டார்கள்.