மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வான்வழியாகவும் வீதி வழியாகவும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? கட்டுநாயக்காவில் நான் வெளிநாட்டு விமானம் ஏறவேண்டியிருக்கிறது.

வான்வழியில் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் ஊடாக நாங்கள் வழக்கமாகச் செல்லும் வீதியில் அது ஏறத்தாழ 315 கிலோமீற்றர். இந்த வித்தியாசத்திற்கு மலைநாடே காரணம். இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நேர்கோடு வரைந்தால் அது கண்டிக்கு மேலாகவே செல்லும். வீதியோ மலைகளை விலக்கி, ஹபரணை வரை வடமேற்காகச் சென்ற பிறகுதான் தெற்கு நோக்கித் திரும்புகிறது.

வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்குச் செங்கலடி, மகாஓயா, மகியங்கனை, கண்டி வழி குறுக்குப் பாதையாகத் தோன்றும். கிலோமீற்றர் கணக்கில் அது நீளமானதல்ல என்பது உண்மைதான். ஆனால் மகியங்கனைக்கும் கண்டிக்கும் இடையில் பெயர்பெற்ற பதினெட்டு வளைவு ஏற்றமும், அதன் பின் கண்டி நகர நெரிசலும், கடுகண்ணாவை இறக்கமும் இருப்பதால், அவசரப் பயணத்திற்கு அந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சொந்த வாகனத்தில் ஆறரை முதல் ஏழு மணித்தியாலம், பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் அளவில் ஆகும். இந்த நேரம் வழி முழுவதும் சமமாகச் செலவாவதில்லை. புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி வரை வீதி நேராகவும் நெரிசல் குறைவாகவும் இருக்கிறது. ஆயினும் மின்னேரியா, ஹபரணைப் பகுதியில் மாலை மங்கிய பின் யானைகள் வீதியைக் கடப்பதால் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். குருநாகலுக்குப் பிறகுதான் உண்மையான தாமதம். 2022 இல் திறக்கப்பட்ட குருநாகல்–மீரிகம அதிவேகப் பாதை சற்று உதவுகிறது என்றாலும், மீரிகமவிலிருந்து கொழும்பு வரையுள்ள நெரிசலில் அந்த மிச்சம் கரைந்துவிடும். அதனால்தான் இரவு பஸ்ஸில் புறப்பட்டு விடியுமுன் கொழும்பில் இறங்குவதை எங்கள் பக்கத்து மக்கள் விரும்புகிறார்கள்.

விமானத்தில் பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலத்திற்கும் குறைவு. திமிலைதீவிலுள்ள மட்டக்களப்பு விமான நிலையம் 2016 இல் மீண்டும் பொதுமக்கள் பாவனைக்குத் திறக்கப்பட்டு, 2018 இல் சர்வதேச விமான நிலையமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆனாலும் அங்கு வருபவை பெரும்பாலும் சிறிய விமானங்கள். ஆகவே பயணம் செய்யும் நாளில் சேவை உண்டா என்பதை முதலில் உறுதிசெய்து கொள்ளுங்கள். விமானம் இரத்மலானையில் இறங்கினால், அங்கிருந்து கொழும்பு நகருக்குள் வரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டுநாயக்காவில் வெளிநாட்டு விமானம் ஏறவேண்டும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் கொழும்புக்குள் நுழையவே தேவையில்லை. குருநாகலிலிருந்து நாரம்மலை, கிரிஉல்லை, மினுவாங்கொடை வழியாகத் திரும்பினால் நேரே விமான நிலையத்தை அடையலாம். கல்முனைப் பக்கமிருந்து வருபவர்கள் மட்டக்களப்பு நகருக்கு வரவே ஏறத்தாழ 40 கிலோமீற்றரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாரியில் மகாவலி பெருகி மன்னம்பிட்டிப் பகுதி வீதி வெள்ளத்தில் மூழ்கக்கூடும் என்பதால், அந்த மாதங்களில் முதல் நாளே புறப்பட்டு நீர்கொழும்பிலோ மினுவாங்கொடையிலோ தங்குவது நல்லது.