‘அப்போ கலெக்டர் இல்லையா?’ – கடிதம்

அன்புள்ள சார்,

எஸ். வெங்கிடரமணன் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். 1991இல் நாட்டின் தங்கத்தை அடகு வைத்த காலத்து ரிசர்வ் வங்கி கவர்னர். அதைப் போய்ப் பாராட்டி எழுத என்ன இருக்கிறது என்று புரியவில்லை. சும்மா கேட்கவில்லை, எங்கள் வீட்டிலும் இப்போது பணக் கணக்கு வேலையைப் பற்றித்தான் பேச்சு. என் மகளுக்கு இந்த வருடம் சிவில் சர்வீஸ் தேர்வில் இந்தியத் தணிக்கை மற்றும் கணக்குப் பணி கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஸ்வீட்டை வாயில் போட்டுக்கொண்டே “அப்போ கலெக்டர் இல்லையா?” என்கிறார்கள். மறுபடி எழுதட்டுமா என்று அவள் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

(பெயர் வேண்டாம்), குடியாத்தம்

அன்புள்ள சார்,

முதலில் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

குடியாத்தத்தில் இருந்துகொண்டு அடகு வைப்பதைக் கேவலம் என்கிறீர்களே. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் உங்கள் ஊர் அடகுக் கடை வாசலில் நிற்கும் செருப்புகளை எண்ணிப் பாருங்கள்.

என் அப்பா ஆற்காட்டுப் பக்கம் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் கணக்கராக இருந்தவர். அங்கே இரட்டைப் பூட்டு அறை ஒன்று உண்டு. ஒரு சாவி அதிகாரியிடம், இன்னொன்று அப்பாவிடம், இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். உள்ளே முத்திரைத் தாள் கட்டுகள், அரக்கு வைத்த பெட்டிகள். சின்ன வயதில் ஒரு தடவை வாசல் வரை போய் எட்டிப் பார்த்திருக்கிறேன், பழைய காகித வாசனையும் எலிப்புழுக்கை வாசனையும்தான் வந்தது, பெரிய ஏமாற்றம். அந்தச் சாவி அப்பாவின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்த அதே வருடம், அம்மாவின் நாலு வளையலும் சேட்டுக் கடையில் இருந்தன. அக்காவின் ஹாஸ்டல் ஃபீஸுக்காக. மீட்க வேண்டிய தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தார் அப்பா. “வைக்கறது அசிங்கமில்லடா, தேதி தப்பறதுதான் அசிங்கம்” என்பார். தேதி தப்பவும் இல்லை.

இப்போது 1991க்கு வாருங்கள். வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறி, கையிலிருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. சந்திரசேகர் அரசு மார்ச்சிலேயே ராஜினாமா செய்துவிட்டுக் காபந்து அரசாக ஓடிக்கொண்டிருந்தது, முழு பட்ஜெட் போட ஆளில்லை, தேர்தல் வேறு. அந்த மே மாதம்தான் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். நம் ஊர்க்காரர்களுக்கு அது மெட்ராஸ் போகிற வழி, அந்த நாட்களை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே மாதம் கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து அரசு வைத்திருந்த தங்கத்தில் 20 டன், ஸ்டேட் வங்கி வழியாக, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு சுவிட்சர்லாந்துக்குப் போயிற்று. சுமார் 20 கோடி டாலர் கிடைத்தது. ஜூனில் நரசிம்ம ராவ் அரசு வந்தது, ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கத்திலிருந்தே கிட்டத்தட்ட 47 டன் இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகுக்குப் போனது, அதில் சுமார் 40 கோடி டாலர். தலைப்புச் செய்தி இதோடு நின்றுவிட்டது. அந்த வருடம் முடிவதற்குள் அடகு மீட்கப்பட்டதையும், வெளிநாட்டுக் கடனில் ஒரு தவணைகூடத் தப்பவில்லை என்பதையும் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அப்பாவின் சிவப்பு மைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதனால்தான் எழுதினேன்.

அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் இல்லை. 1992இல் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் பங்குபத்திர ஊழல் வெடித்தபோது கவர்னர் நாற்காலியில் இருந்ததும் அவர்தான். வங்கிகளுக்கு நடுவே பத்திரத்துக்குப் பதிலாக வெறும் ரசீதுகளை வைத்தே பணம் புரண்டதை ரிசர்வ் வங்கி கவனிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ஒரே ஆள், ஒரே இரண்டு வருடப் பதவிக் காலம், இரண்டுமே கணக்கில் வரும்.

சரி, ஸ்வீட் சாப்பிட வருகிறவர்களுக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே. பழைய ஒரு ரூபாய் நோட்டு வீட்டில் இருந்தால் எடுங்கள். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் நிதிச் செயலாளர் கையெழுத்து இருக்கும், மற்றவற்றில் கவர்னர் கையெழுத்து. வெங்கிடரமணன் இரண்டு பதவியிலும் இருந்ததால் இரண்டு வகை நோட்டிலும் அவர் கையெழுத்து உண்டு. ‘அவர் ஐ.ஏ.எஸ். ஆச்சே’ என்பார்கள் வருகிறவர்கள். அப்படியானால் பி.சி. பட்டாச்சார்யாவைச் சொல்லுங்கள். 1962 முதல் 1967 வரை கவர்னர், உங்கள் மகள் சேரப்போகிற அதே தணிக்கை மற்றும் கணக்குப் பணியிலிருந்து வந்தவர்.

ஆனால் நோட்டில் கையெழுத்து எல்லாருக்கும் வாய்க்காது, அதற்காகப் போகவும் வேண்டாம். அன்றாட வேலை என்னவென்று அவளுக்குத் தெரியட்டும். மார்ச் 31க்குள் செலவாகாத பணம் லேப்ஸ் ஆகிவிடும் என்பதால் நம் ஆபீஸ்கள் கடைசி வாரத்தில் பில்லாகப் போட்டுத் தள்ளுவார்கள், செலவழிக்க முடியாததை ஏதோ ஒரு டெபாசிட் கணக்கில் ஒதுக்கி வைத்துவிட்டு ‘செலவாயிற்று’ என்பார்கள். அப்பா அந்த ராத்திரிகளில் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருவார். இவற்றையெல்லாம் பிற்பாடு பிரித்துப் பார்க்கிறவர்கள் உங்கள் மகளின் ஆட்கள். அவர்கள் எழுதுவதில் கொஞ்சம்தான் சி.ஏ.ஜி. (நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கைவரை போகும், சட்டமன்றத்தில் வைக்கப்படும், அதிலும் கொஞ்சம்தான் பேப்பரில் வரும். ‘ஆடிட் பார்ட்டி வருது’ என்றால் போதும், எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இரண்டு நாள் தூக்கம் கிடையாது.

அந்தக் காலத்தில் தணிக்கைக் கேள்வியை ஹாஃப் மார்ஜின் என்பார்கள். தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து, ஒரு பாதியில் கேள்வி, மறுபாதி பதிலுக்காகக் காலி. அப்பா ஓய்வுபெற்ற பிறகு, எப்போதோ கொடுத்த ஒரு இன்கிரிமென்ட் தப்பு என்று அப்படி ஒரு தாள் வந்தது. பதில் எழுத வேண்டிய அலுவலகத்தில் அது பதினோரு மாதம் கிடந்தது, பென்ஷனும் கூடவே கிடந்தது. அம்மாவின் வளையல் மறுபடி சேட்டுக் கடைக்குப் போயிற்று. கடைசியில் தணிக்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்ன வயது அதிகாரி சர்வீஸ் புத்தகத்தைத் தானே கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகத் திருப்பி, ‘ஆட்சேபம் கைவிடப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். அவர் பெயர்கூட அப்பாவுக்குத் தெரியாது.

மறுபடி எழுதுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும் சார். கலெக்டர் வேலையில் மனசு இருந்தால் தாராளமாக எழுதட்டும், அத்தைகளுக்காக மட்டும் எழுத வேண்டாம். அப்புறம், இந்தப் பணிக்கான பயிற்சி அகாடமி சிம்லாவில் இருக்கிறது. நம் வேலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளை, நல்ல ஸ்வெட்டராக இரண்டு வாங்கிக் கொடுங்கள்.