மீன் தொட்டி: கேள்வி – பதில்

கேள்வி: முட்டையிடாமல் குட்டி போடும் மீன்களான கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வோர்டுடெயில் நான்கும் ஒரே தொட்டியில் இருக்கின்றன. ஆண் கப்பிகளை எடுத்து இரண்டு மாதமாகியும் பெண் கப்பி குட்டி போட்டிருக்கிறது. ஆண் மோலி அதைத் துரத்துவதைப் பார்த்திருக்கிறேன். இவை கலப்புக் குட்டிகளா?

பதில்: பழைய ஆண் கப்பியின் குட்டிகளாகத்தான் இருக்கும். பெண் கப்பி ஒருமுறை பெற்ற விந்தை வயிற்றுக்குள் சேமித்து வைத்து, ஆண் துணையில்லாமலே மாதக்கணக்கில் அடுத்தடுத்து ஈனும். ஆண் மோலி எதைக் கண்டாலும் துரத்தும். துரத்தினால் இனம் சேர்ந்துவிடாது. மோலி–கப்பிக் கலப்பு மிக அபூர்வம். அப்படிப் பிறப்பவையும் பெரும்பாலும் மலடு. பிளாட்டியோடு மோலி சேரவே சேராது.

எளிதில் கலப்பவை இரண்டு ஜோடிகள்தாம்: பிளாட்டியும் ஸ்வோர்டுடெயிலும், கப்பியும் அதன் நெருங்கிய உறவான எண்ட்லர் என்ற சிறு மீனும். கடையில் வாங்கும் வண்ண பிளாட்டிகளில் பல ஏற்கெனவே ஸ்வோர்டுடெயில் ரத்தம் கலந்தவை.

கேள்வி: ஆண் ஸ்வோர்டுடெயிலையும் பெண் பிளாட்டியையும் நானே கலக்க விரும்புகிறேன். எப்படி?

பதில்: கன்னிப் பெண் மீன், அதாவது ஆணோடு இன்னும் சேராதது, கிடைப்பதுதான் கஷ்டம். கடையில் வாங்கும் பெரிய பெண் மீன் அநேகமாக ஏற்கெனவே சினைப்பட்டிருக்கும். குட்டியிலிருந்தே வளர்த்தெடுங்கள். ஒரு மாதம் ஆனதும் மூன்று நாளுக்கு ஒருமுறை குட்டிகளின் வயிற்றுக்கடியில், ஆசனவாயை ஒட்டிய துடுப்பைப் பாருங்கள். விசிறிபோல முக்கோணமாக இருந்தால் பெண். முன்பக்கக் கதிர்கள் தடித்து, குச்சிபோல நீளத் தொடங்கினால் ஆண். அன்றே பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். சில ஆண்கள் தாமதமாகத்தான் அடையாளம் காட்டும், அதனால் பிரித்த பெண்களைத் தனியே ஆறு வாரம் வைத்துப் பாருங்கள். இடையில் குட்டி போட்டால் அது கன்னி இல்லை.

பிறகு 40 லிட்டர் தொட்டியில் இரண்டு மூன்று பெண் பிளாட்டிகளோடு ஒரு ஆண் ஸ்வோர்டுடெயில். சொந்த இனத் துணை எதையும் போடாதீர்கள், இருந்தால் அதனிடம்தான் போகும். வெப்பம் 24–26 டிகிரி. உப்பு கலந்த கடினமான போர் தண்ணீர் இவற்றுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். மூடி அவசியம், ஸ்வோர்டுடெயில் துள்ளி வெளியே விழும். நாலைந்து வாரத்தில் குட்டிகள் வரும். ஜாவா பாசி என்ற தொட்டிச் செடியைக் கட்டாகப் போட்டு வைத்தால் தாய் குட்டிகளைத் தின்பது குறையும்.

கேள்வி: அந்தக் கலப்புக் குட்டிகளை மறுபடி ஸ்வோர்டுடெயிலோடு சேர்த்தேன். சில குட்டிகளுக்கு முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி தடித்துப் புண்போல் ஆகிறது. பூஞ்சை மருந்து போட்டும் போகவில்லை.

பதில்: போகாது, அது பூஞ்சையில்லை, தோல் புற்றுநோய். கரும்புள்ளியுள்ள சில பிளாட்டிகளில் புற்றை உண்டாக்கும் மரபணு ஒன்றும், அதை அடக்கி வைக்கும் மரபணு இன்னொன்றும் உண்டு. ஸ்வோர்டுடெயிலுக்கு இரண்டும் கிடையாது. முதல் தலைமுறைக் கலப்பில் அடக்குவது பாதியாகிறது, அதனால் கருமை பரவும். மறுபடி ஸ்வோர்டுடெயிலோடு சேர்க்கும்போது சுமார் நாலில் ஒரு குட்டிக்குப் புற்று மரபணு மட்டும் வந்து, அடக்குவது வராமல் போகிறது. 1920-களில் அமெரிக்காவில் கோர்டன், ஜெர்மனியில் கோஸ்விக் என்ற ஆய்வாளர்கள் இதைக் கண்டு ஆராய்ந்தார்கள். இன்றும் புற்றுநோய் ஆய்வகங்களில் இந்த மீன்கள் உண்டு. மருந்து கிடையாது. அந்த வம்ச வரிசையில் கரும்புள்ளி மீன்களை இனி ஜோடி சேர்க்காதீர்கள். புள்ளியில்லாத சிவப்பு பிளாட்டியை எடுத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: எண்ட்லரைக் கப்பியோடு சேர்த்தால்?

பதில்: குட்டிகள் மலடாகாது, அதுதான் தொல்லை. இரண்டு தலைமுறையில் தூய எண்ட்லர் காணாமல் போகும். வெனிசுவேலாவிலிருந்து வந்த இதற்கு 2005-ல்தான் தனி இனமாகப் பெயர் சூட்டினார்கள். தூய வரிசை உங்களிடம் இருந்தால் வலையைக்கூடத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வலையில் ஒட்டிய ஒரு கப்பிக் குட்டி போதும்.