ஜப்பானில் ஆள் குறைகிறது, வேலை செய்வோர் கூடுகிறார்கள்

அன்புள்ள ஐயா,

என் மகள் நர்சிங் முடித்துவிட்டு ஜப்பானிய மொழி படிக்கிறாள். முதியோர் பராமரிப்பு வேலைக்கு அங்கே போக ஆசைப்படுகிறாள். "2024-ல் அந்த நாட்டில் பிறந்த குழந்தைகள் 7 லட்சம்கூட இல்லை. கொஞ்ச காலத்தில் ஆளே இருக்காது. அங்கே போய் என்ன செய்யப் போகிறாள்?" என்கிறார் என் அண்ணன். ஆனால் அங்கே வேலை செய்வோர் எண்ணிக்கை முன்பைவிடக் கூடியிருக்கிறது என்று இன்னொரு செய்தியில் படித்தேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் உண்மைதான். கணக்குதான் வேறு வேறு.

15 வயது முதல் 64 வரை உள்ள எல்லாரையும் உழைக்கும் வயதினர் என்று எண்ணுகிறார்கள். வேலைக்குப் போகிறாரா, வீட்டில் இருக்கிறாரா என்பது அதில் வராது. ஜப்பானில் இவர்கள் 1995 வாக்கில் சுமார் 8.7 கோடிப் பேர். இப்போது 7.4 கோடி. மொத்த மக்கள்தொகையோ 2008 வரை ஏறிக்கொண்டுதான் இருந்தது, முதியவர்கள் கூடிக்கொண்டே வந்ததால். அதனால் உள்ளே நடந்த தேய்மானம் பத்துப் பன்னிரண்டு வருடம் பலர் கண்ணில் படவே இல்லை.

இரண்டாவது கணக்கு, உண்மையில் வேலையில் இருப்பவர்களுடையது. 2012-ல் சுமார் 6.28 கோடி, 2024-ல் சுமார் 6.78 கோடி. 50 லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் வீட்டிலிருந்த பெண்களும், ஓய்வு பெற வேண்டிய வயதில் இருந்தவர்களும்தான். 15 முதல் 64 வயதுப் பெண்களில் வேலையில் இருப்போர் 60 சதவீதத்திலிருந்து 70-ஐத் தாண்டினார்கள். 65 வயதைக் கடந்தும் வேலை செய்பவர்கள் 90 லட்சத்துக்கும் மேல். அந்த வயதுக்காரர்களில் நாலில் ஒருவர். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் 2024 அக்டோபரில் சுமார் 23 லட்சம்.

ஆனால் வீட்டிலிருக்கும் பெண்ணை ஒருமுறைதான் வேலைக்குக் கூப்பிட முடியும். சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்களிலும் பாதிப் பேருக்கு மேல் பகுதி நேரம், ஒப்பந்தம் என்று நிரந்தரமில்லாத வேலையில் இருக்கிறார்கள். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் கணவர் பெயரில் இருக்கும் காப்பீட்டுச் சலுகை போய்விடும் என்பதால், வருடக் கடைசியில் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் அங்கே ஏராளம். ஆள் பற்றாக்குறை என்று புலம்பும் நாடு இந்தச் சுவரை இத்தனை காலம் விட்டுவைத்தது பெரிய தவறு.

எனக்கு மனது ஆறாத இடம் வேறு ஒன்று. போருக்குப் பிறகு, 1947 முதல் 1949 வரை, வருடத்துக்கு சுமார் 27 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் 1971-74-ல் வருடத்துக்கு 20 லட்சம் பேராக வந்தார்கள். இந்தப் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் செய்துகொள்ளும்போது மூன்றாவது அலை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நிலமும் பங்கும் விலை சரிந்தன. நிறுவனங்கள் இருக்கிறவர்களைப் பெரும்பாலும் வேலையை விட்டு அனுப்பவில்லை. புதிதாக ஆள் எடுப்பதை வெகுவாகக் குறைத்தன. அங்கே படிப்பு முடிக்கும் வருடத்திலேயே பெரிய நிறுவனங்களில் சேர்ந்துவிட வேண்டும். அந்தக் கதவு மூடினால் பிறகு திறப்பது கடினம். இந்த ஆண்டுகளை 'வேலைப் பனியுகம்' என்றே ஜப்பானியர் சொல்கிறார்கள்.

நிரந்தர வேலை இல்லாதவர் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். அங்கே கல்யாணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் 2 சதவீதம் அளவுதான். தள்ளிப்போன கல்யாணம் என்றால் பிறக்காத குழந்தை என்றே அர்த்தம். 2005-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.26 குழந்தை என்ற நிலைக்கு வந்தது. இப்போது அரசு எவ்வளவு உதவித்தொகை கொடுத்தாலும், அன்று பிறக்காத பெண்கள் இன்று தாயாக முடியாது. 20 வருடம் கழித்து வேலைக்கு வரப்போகிறவர்களின் எண்ணிக்கை இன்றைய பிரசவ வார்டில் முடிவாகிவிடுகிறது. அந்தத் தலைமுறையைச் சோம்பேறிகள், சுயநலக்காரர்கள் என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அதை ஏற்க முடியவில்லை. வேலை கொடுக்காமல் விட்டது பெரியவர்கள்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். 1947-49-ல் பிறந்த அந்தப் பெரிய கூட்டம் முழுக்க இப்போது 75 வயதைத் தாண்டிவிட்டது. பராமரிப்பு தேவைப்படும் வயது அதுதான். ஆள் இருக்காது என்று உங்கள் அண்ணன் சொல்வதில், இளையவர்கள் குறைவது நிஜம். உங்கள் மகள் பார்த்துக்கொள்ளப் போகும் முதியவர்கள் இன்னும் பல காலம் இருப்பார்கள். வேலை இல்லாமல் போகும் என்று பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. ஆள் தட்டுப்பாடுள்ள தொழில்களுக்கு வெளிநாட்டவரை எடுக்க 2019-ல் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' விசாவின் முதல் நிலையில் பொதுவாக 5 வருடம்தான் இருக்கலாம். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. பராமரிப்புக் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதால், ஆள் தட்டுப்பாடு எவ்வளவு இருந்தாலும் சம்பளம் அதற்கேற்ப ஏறுவதில்லை. ஆனால் மூன்று வருட அனுபவத்தோடு பராமரிப்பாளருக்கான தேசியத் தேர்வை எழுதித் தேறினால் வேறு விசா கிடைக்கும். அதைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். தேர்வு ஜப்பானிய மொழியில்தான், எளிதல்ல. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்தத் தேர்வுக்குப் படிக்க நேரமும் வகுப்பும் தருவார்களா, அதை எழுத்தில் தருவார்களா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.