கப்பலேறி வந்த ஜாகுவாரின் பூர்வீகம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பி வந்த ஜாகுவார் ஈ-டைப் திறந்த கார் ஒன்றுக்கு என் மைத்துனர் முன்பணம் கொடுக்க இருக்கிறார். 3.8 லிட்டர் எஞ்சின்; ஸ்டியரிங் வலப்பக்கம். 1963ஆம் ஆண்டு வண்டி என்கிறார் விற்பவர். அமெரிக்க உரிமைப் பத்திரமோ 1964 என்கிறது. வண்டியின் அடையாளமான சேஸிஸ் எண் 879 என்று தொடங்குகிறது. ஜாகுவார் டைம்லர் மரபு அறக்கட்டளையின் சான்றிதழும் இருக்கிறது. இவ்வளவு போதுமா?
– வாசகர், ஹாரோ, இலண்டன்

பதில்: போதாது. ஆனால் நீங்கள் சந்தேகப்படும் இடம் வேறு, சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு.

ஆண்டு மாறியிருப்பது பெரிய விஷயமில்லை. கோவென்ட்ரியில் தயாரான வண்டி கப்பலேறி நியூயார்க் சேர்ந்து, விற்பனையாளரிடம் சில மாதம் நின்று, அடுத்த ஆண்டு விற்றிருந்தால், விற்ற ஆண்டையே மாடல் ஆண்டாகப் பத்திரத்தில் எழுதிவிடுவது அக்காலத்து வழக்கம். ஸ்டியரிங்கைப் பற்றிச் சேஸிஸ் எண்ணே சொல்லிவிடுகிறது. 3.8 லிட்டர் திறந்த வண்டிகளில் வலப்பக்க ஸ்டியரிங் உள்ளவற்றுக்கு 850001 முதலும், இடப்பக்க ஸ்டியரிங் உள்ளவற்றுக்கு 875001 முதலும் எண் கொடுத்தார்கள். மூடிய கூரை வண்டிகளுக்கு முறையே 860001, 885001. ஆகவே 879 என்று தொடங்கும் வண்டி இடப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்து, பிறகு மாற்றப்பட்டது. மாற்றியது குற்றமில்லை, பிரிட்டனுக்குத் திரும்பிய பல வண்டிகளுக்கு அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதை மறைத்து, பிறவியிலேயே வலப்பக்க வண்டிக்குரிய விலையைக் கேட்பதுதான் குற்றம்.

இனி சான்றிதழுக்கு வருவோம். கேய்டனில் இயங்கும் அந்த அறக்கட்டளை, தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ளதைப் பார்த்து, சேஸிஸ், எஞ்சின், உடற்கூடு, கியர்பெட்டி ஆகியவற்றின் எண்கள், தயாரித்த நாள், அனுப்பிய நாள், அனுப்பிய ஊர், முதல் நிறம், உள் அலங்காரத்தின் நிறம் ஆகியவற்றை எழுதித் தருகிறது. இது மதிப்புள்ள ஆவணம்தான். ஆனால் இந்த எண்ணுள்ள வண்டி இப்படிப் பிறந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உங்கள் மைத்துனர் முன் நிற்கும் இரும்பு அந்த வண்டிதானா என்பதற்குச் சாட்சியல்ல. நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் சரியாக இருந்தாலும், அதில் சொல்லியிருக்கும் நிலம் இதுதானா என்று எல்லைக்கல்லைப் போய்ப் பார்ப்போமல்லவா, அந்த வேலை இங்கேயும் மிச்சமிருக்கிறது.

ஈ-டைப்பில் அந்த வேலை கடினமாவதற்கு அதன் கட்டமைப்பே காரணம். பயணிகள் அமரும் பகுதியும் பின்பகுதியும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டவை. அதன் முன்புறம் குழாய்களால் ஆன சட்டங்கள் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டு, எஞ்சினைத் தாங்குகின்றன. சேஸிஸ் எண்ணைப் பொறித்திருப்பது இந்த முன் சட்டத்தில். துருப்பிடிப்பதிலும் மோதலில் நெளிவதிலும் முதலிடம் அதற்குத்தான். போல்ட்டைக் கழற்றினால் மாற்றிவிடவும் முடியும். எண்களைத் தாங்கிய அலுமினியத் தகடு எஞ்சின் அறைக்குள் இருக்கிறது. அதைக் கழற்றுவது இன்னும் எளிது, புதிய தகடும் கடையில் கிடைக்கிறது. ஆக, வண்டியின் பெயர் எழுதியிருக்கும் இரண்டு இடங்களும் வண்டியிலிருந்து பிரிக்கக்கூடிய இடங்கள். உடைத்துப்போட்ட ஒரு வண்டியின் சட்டமும் தகடும் பத்திரமும் கைமாறி, ஆவணமில்லாத வேறொரு கூட்டில் ஏறிக்கொள்ள இது வழி செய்கிறது.

எனவே நான் முதலில் தேடுவது உடற்கூட்டு எண்ணை. அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை, அதனாலேயே ஏமாற்றுகிறவர்களும் அதை மறந்துவிடுகிறார்கள். வண்டியின் கூட்டில் கண்ட எண் சான்றிதழில் உள்ள எண்ணோடு பொருந்தினால் பாதிக் கவலை தீர்ந்தது. எஞ்சின் எண்ணை இரண்டு இடங்களில் பார்க்கலாம்: எண்ணெய் வடிகட்டிக்கு மேலே, எஞ்சினின் அடிக்கட்டையான பிளாக்கிலும், அதன் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டின் முன்புறத்திலும். 3.8 ஈ-டைப்புக்கு அது ஆர் என்ற எழுத்தில் தொடங்க வேண்டும். வேறு எழுத்து இருந்தால் அந்த எஞ்சின் மார்க் 2 போன்ற ஜாகுவார் செடான் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். ஹெட்டும் பிளாக்கும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்றும் பாருங்கள்.

பிறகு சில்லறைச் சாட்சிகள். டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் போன்ற, லூகாஸ் நிறுவனத்தின் மின் பாகங்களில் தயாரித்த ஆண்டு குத்தப்பட்டிருக்கும். ட்ரிப்ளெக்ஸ் நிறுவனத்தின் கண்ணாடியிலும் ஆண்டு புள்ளிகளாக ஒளிந்திருக்கும். தேய்ந்து மாற்றப்படும் பாகங்கள் இவை என்பதால், ஒன்றிரண்டு பொருந்தாததைக் கொண்டு எதுவும் முடிவுசெய்ய வேண்டாம். ஆனால் எல்லாமே 1966ஐச் சொல்ல, தகடு மட்டும் 1963 என்றால், அந்தத் தகட்டை நம்பாதீர்கள். டாஷ்போர்டின் பின்னாலும் பின்புறச் சாமான் அறையின் விளிம்புகளிலும் பழைய பெயின்ட் எஞ்சியிருக்கும். சான்றிதழ் சொல்லும் முதல் நிறம் அங்கே தென்படவில்லை என்றால், ஏன் என்று விற்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: என் வண்டியின் முன் சட்டம் துருவால் போய்விட்டது. புதிய சட்டத்தில் பழைய எண்ணைப் பொறித்தால் அது மோசடியா?
– வாசகர், டொராண்டோ

பதில்: பழுதுபார்ப்பதற்கும் மோசடிக்கும் உள்ள எல்லை, எதை மறைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. முதலில் உங்கள் பதிவு அலுவலகத்தில் விதியைக் கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்தாலும், எண் பொறித்த பழைய துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, கழற்றுமுன் எடுத்த படங்கள், புதிய சட்டத்தின் ரசீது, வேலை செய்த பட்டறையின் குறிப்பு ஆகியவற்றை வண்டியின் கோப்பில் சேருங்கள். பழைய துண்டு இல்லாமல், பளபளக்கும் சட்டத்தில் புதிதாகக் குத்திய எண்ணை மட்டும் காட்டுகிறவரிடம் நான் விலை பேசமாட்டேன்.

கேள்வி: “மேட்ச்சிங் நம்பர்ஸ்” என்று விளம்பரங்களில் வருகிறதே, அதற்கு என்ன பொருள்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ள எண்களும் வண்டியில் உள்ள எண்களும் ஒன்றே என்பதுதான் அதன் பொருள். பலர் சேஸிஸ், எஞ்சின் இரண்டை மட்டும் ஒப்பிட்டுவிட்டு இப்படி விளம்பரம் செய்கிறார்கள். ஈ-டைப் என்றால் சேஸிஸ், எஞ்சின், உடற்கூடு, கியர்பெட்டி நான்கையும் கேளுங்கள்.

கேள்வி: நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த 1967 ஈ-டைப்புக்கு உரிமைப் பத்திரமே இல்லை என்கிறார்கள். திருட்டு வண்டியாக இருக்குமோ?
– வாசகர், லெஸ்டர்

பதில்: பத்திரம் இல்லாததாலேயே திருட்டு என்று சொல்ல முடியாது. நியூயார்க்கில் 1972 வரையிலான வண்டிகளுக்கு உரிமைப் பத்திரம் தருவதில்லை. பதிவுச் சான்றே உரிமைக்கு ஆவணம். அந்தச் சான்றும், விற்றவர் கையொப்பமிட்ட விற்பனைச் சீட்டும், அமெரிக்கச் சுங்கத்தின் ஏற்றுமதி முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையத்தில் எண்ணைத் தட்டி வரலாறு பார்க்கும் சேவைகள் உதவமாட்டா, ஏனெனில் அவை 1981இல் வந்த 17 எழுத்து எண்ணை நம்பியவை.

பிரிட்டனில் வண்டி வந்து சேர்ந்ததை முதலில் வருவாய்த் துறைக்கு அறிவித்து, பிறகு வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.விடம் வி55/5 என்ற விண்ணப்பப் படிவத்தோடு வயதுக்குச் சான்று தர வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஜாகுவார் சங்கமே வண்டியைப் பார்த்து அந்தச் சான்றைத் தரும். வயதையோ அடையாளத்தையோ நிறுவ முடியாத வண்டிக்கு க்யூ என்று தொடங்கும் பதிவு எண் கிடைக்கும், அப்போது விலை சரிந்துவிடும். ஆகவே பணத்தைக் கொடுத்த பிறகு சங்கத்தைத் தேடாமல், வாங்குமுன்னே அங்கே வண்டிகளைப் பரிசோதிப்பவரைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைக் காட்டுங்கள்.