காரின் முன் கிரில்லில் பித்தளை வேல் கழன்று விழாமல் இருக்க எப்படிப் பொருத்துவது?

‘டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினேன், பத்து நாளில் விழுந்துவிட்டது’ என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். விழாமல் இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். புது வண்டி, டெலிவரி எடுத்த கையோடு பழனி, அடிவாரத்துக் கடையில் வேல், அங்கேயே பார்க்கிங்கில் நின்றபடி துணியால் ஒரு துடை துடைத்து ஒட்டியிருப்பீர்கள். சரிதானே? தப்பென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை எல்லோர் கதையும் இதுதான். என் கதையும்.

முதலில் ஒன்று. நான் மெக்கானிக் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தடவை அடிபட்டு, பதினோராயிரத்துச் சொச்சம் தண்டம் அழுது, மூன்றாவது தடவை தேறியவன். ‘காருக்கு எதற்கு வேல்’ என்று கேட்க வருகிறவர்கள் இப்படியே தாண்டிப் போய்விடலாம். பக்தியைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க நான் வரவில்லை. போல்ட், நட்டு பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

என்னிடம் இருப்பது கடையில் வாங்கிய வேல் இல்லை. அப்பாவின் 1986 மாடல் அம்பாசிடரில் இருந்தது. முப்பது வருடம் அந்த வண்டியின் மூக்கில் நின்றது, ஒரு நாளும் ஆடியதில்லை. அப்பா என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? வேலின் நடுவே ஒரு ஓட்டை, உலோகக் கிரில்லில் ஒரு ஓட்டை, ஒரு போல்ட், பின்னால் ஒரு ஸ்பிரிங் வாஷர், நட்டு. முடிந்தது கதை. அந்தக் கிரில்லில் ஆள் ஏறி நின்றாலும் வளையாது. இன்றைய கார்களில் கிரில் என்பது ஏபிஎஸ் பிளாஸ்டிக். மேலே குரோம் பூச்சு மினுக்குவதைப் பார்த்து இரும்பு என்று நினைத்துவிடுகிறோம். பட்டைகளின் கனம் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதில் போய் அப்பா செய்தது மாதிரியே ஓட்டை போட்டு முறுக்கினால் ஓட்டையின் ஓரத்திலிருந்து கீறல் விட்டு, ஒரு வேனிற்காலம் தாண்டுவதற்குள் பட்டையே பிளந்துவிடும்.

அப்பாவின் அந்தப் பித்தளை வேலை மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். 320 கிராம். உங்கள் காரின் கம்பெனிச் சின்னத்தை எடுத்துப் பாருங்கள், அது வெறும் பிளாஸ்டிக், கையில் எடை தெரியாது. அதையும் பெரும்பாலும் டேப்பில்தான் ஒட்டுகிறார்கள். ஆகவே டேப்பை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் பயங்கரமாகப் பிடிக்கும். ஆனால் அது பிடிக்க இரண்டு பரப்பும் சமதளமாக இருக்க வேண்டும். வார்ப்புப் பித்தளை வேலின் முதுகைத் தடவிப் பாருங்கள். மணல் அச்சில் வார்த்த சொரசொரப்பு, நடுவில் குழி. அதோடு கிரில்லில் வேல் தொடுவதே விரல் அகலப் பட்டைகள் மூன்றில்தான். பாக்கி இடமெல்லாம் காற்று. அப்புறம், டெலிவரி அன்று ஷோரூமில் பளபளவென்று தேய்த்துத் தருகிறார்களே பாலிஷ், அந்தச் சிலிக்கோன் வழுக்கலின் மேல் எந்த டேப்பும் உட்காராது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு முழுப் பலம் வர 72 மணி நேரம் ஆகும். நாம் ஒட்டிய அரை மணியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுக்கிறோம்.

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வெள்ளிக்கிழமையானால் அம்மா புளியும் சாம்பலுமாக வந்து வேலைத் தேய்த்துவிடுவார். பித்தளை தங்கம் மாதிரி ஆகிவிடும், சந்தேகமில்லை. புளித்தண்ணீர் பின்பக்கம் இறங்கி டேப்பின் ஓரத்தைக் கிளப்பிவிடும். சொன்னால், ‘சாமிக்குத் தேய்க்காம இருக்கச் சொல்றியா?’ என்று ஒரே கேள்வி.

முதல் தடவை விழுந்தது கிணத்துக்கடவு பக்கம், பொள்ளாச்சி ரோட்டில். டங்கென்று ஒரு சத்தம், பின்னால் வந்த லாரியின் ஹார்ன். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் கிரில்லில் டேப் மட்டும் மூன்று துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயிலில் கால் மணி நேரம் நடந்து, நடுத்திட்டின் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்ததை எடுத்தேன். நுனியில் ஒரு சின்னச் சிதைவு. பொன்மலை வேலாயுதசாமி கோயில் மலை எதிரே தெரிகிறது. ‘நிக்காமப் போனே, அதான்’ என்றார் அம்மா. நான் பதில் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வேல் விழுந்தால் எனக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று கேட்டால், அப்பாவின் சொத்தில் என் கைக்கு வந்தது இது மட்டும்தான். அந்த அம்பாசிடரை என் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றுவிட்டார். அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. மேற்கு வங்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-லேயே அம்பாசிடர் தயாரிப்பு நின்றுவிட்டது, இனி அந்த வண்டி வராது, வைத்திருக்கலாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ‘ஷெட்டு வாடகை யாரு குடுக்கறது?’ என்றார். ஷெட் எங்கள் சொந்த ஷெட்! இன்றைக்கு அங்கே அவருடைய வாடகைப் பாத்திரங்கள் இருக்கின்றன. வண்டியை எடுக்க ஆள் வந்த அன்று தற்செயலாக நான் ஊருக்குப் போயிருந்தேன். ஸ்பேனர் வாங்கி அங்கேயே நின்று வேலைக் கழற்றிக்கொண்டேன். வாங்க வந்தவர், பாவம், ‘எடுத்துக்குங்க சார்’ என்றார். அண்ணன் முகத்தைத்தான் திருப்பிக்கொண்டார். சரி, இதைக் கேட்டா வந்தீர்கள்? கேள்விக்கு வருகிறேன்.

டேப் சரிப்படவில்லை என்றதும் ஒரு கார் அலங்காரப் பொருள் கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். அந்தப் பையன் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டான். கட்டிடத்தில் கம்பி கட்டுவார்களே, அந்தக் கட்டுக்கம்பி. வேலின் ஓட்டை வழியாகவும் கழுத்திலும் விட்டு, பின்னால் இழுத்து முறுக்கி, வாலை வெட்டாமல் அப்படியே உள்பக்கமாக மடக்கிவிட்டான். கெட்டியாகத்தான் நின்றது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நூறு ரூபாய் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வந்தேன்.

கிரில்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலான கார்களில் முதலில் இருப்பது ஏசியின் கண்டென்சர். அதற்குப் பின்னால்தான் ரேடியேட்டர், ஃபேன். கண்டென்சர் என்பது தாள் மாதிரி அலுமினியத் தகடுகளும், அவற்றுக்கு நடுவே தட்டையான மெல்லிய குழாய்களும். ஏசி ஓடும்போது அந்தக் குழாய்க்குள் 200 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் இருக்கும். நான்கு விரல் நீளக் கம்பி வால் ஒன்று, வண்டி அதிரும்போதெல்லாம் அதை உரசிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

இரண்டரை மாதத்தில், சரியாக மே மாதத்தில், ஏசியில் சூடான காற்று வந்தது. சர்வீஸ் சென்டரில் கிரில்லைக் கழற்றிக் காட்டினார்கள். கண்டென்சரில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு எண்ணெய்க் கறை, அதில் புழுதி அப்பிக் கறுத்துப் போயிருந்தது. கேஸோடு சேர்ந்து ஓடும் எண்ணெய் அது, எங்கே கசிந்தாலும் அப்படிக் காட்டிக்கொடுத்துவிடும். கறையின் நடுவில் கம்பி நுனி பளபளவென்று தீட்டிய ஊசியாக நிற்கிறது. வாரன்டி இருந்தது. ‘வெளி ஃபிட்டிங்கால் வந்த சேதம், வாரன்டியில் வராது சார்’ என்றார்கள். 11,400 ரூபாய். அவர்கள் சொன்னது நியாயம்தான். அதைச் சொல்லும்போது அவர் சிரித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி மூன்றாவது தடவை. கோவையில் கணபதி என்கிற பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பட்டறைக்காரர் அப்பாவுக்குப் பழக்கம். கம்பிக் கட்டோடு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

‘யாருங் தம்பி இந்தக் கட்டுக் கட்டுனது? காங்கிரீட்டுக்குக் கம்பி கட்டறவனாட்டம் கட்டியிருக்கறான்’ என்றார். வேலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அட, இது உங்கொப்பாரு வண்டில இருந்ததுங்களே’ என்றார். அப்புறம் கூலி பேசவே இல்லை.

அவர் செய்தது இதுதான். வேலின் முன்பக்கத்தில் புதிதாக எந்த ஓட்டையும் போடவில்லை. பழைய ஓட்டையைப் பித்தளையாலேயே அடைத்தார். முதுகை அரத்தால் ராவிச் சமப்படுத்தி, 4 மி.மீ. பித்தளை ஸ்டட், அதாவது தலையில்லாத மரை போட்ட கம்பி, இரண்டை, ஒன்றின் கீழ் ஒன்றாக, சில்வர் பிரேசிங் (வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கி ஒட்டுவது) வைத்துப் பற்றவைத்தார். ‘ஒத்தை ஸ்டட்டு வெச்சா வேலு சுத்துமுங்க. ரெண்டு வெச்சாத்தான் நிக்கும்.’ ஸ்டட்கள் கிரில்லின் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் நுழைந்து பின்னால் வரும். அதனால் கிரில்லில் ஒரு ஓட்டைகூடப் போட வேண்டியதில்லை. பின்பக்கம் மூன்று பட்டைகளையும் அணைத்தாற்போல் ஒரு ஸ்டெயின்லெஸ் பட்டை. அலுமினியம் லேசாக இருக்குமே என்று நான் கேட்டேன். ‘வேண்டாமுங்க. பித்தளையும் அலுமினியமும் மழைத்தண்ணில சேந்து நின்னா அலுமினியம் பொடிப்பொடியாப் போயிரும்’ என்றார். வேலுக்கும் கிரில்லுக்கும் நடுவில், கிரில்லுக்கும் அந்த ஸ்டெயின்லெஸ் பட்டைக்கும் நடுவில், பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தார். குரோம் கீறாது, அதிர்வையும் ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

நட்டுதான் முக்கியம். சாதாரண நட்டு அதிர்வில் தானாகக் கழன்றுவிடும். நைலாக் நட்டு என்று கேட்டு வாங்குங்கள், உள்ளே நைலான் வளையம் இருக்கும், மரையைக் கவ்விப் பிடிக்கும். 4 மி.மீ. மரைக்கு 7 எம்எம் ஸ்பேனர் போதும். ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை முறுக்கினால் சரி, அதற்கு மேல் ஒரு சுற்றுப் போட்டாலும் பிளாஸ்டிக் பட்டை வளைந்துவிடும். நட்டுக்கு வெளியே ஸ்டட் இரண்டு மரை நீட்டினால் போதும், மிச்சத்தை அறுத்து அரத்தால் மழுக்கிவிட வேண்டும். என் பதினோராயிரம் போன வழி நினைவிருக்கிறதா? நட்டு கழலாமல் இருக்க மரையைப் பூட்டும் பசை (த்ரெட்லாக்கர்) விடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். இரும்போடு இரும்பு என்றால் சரி. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அந்தப் பசை பட்டால் அங்கிருந்து வெடிப்பு விடும். வேண்டாம். நட்டின் மேலும் ஸ்டட்டின் மேலுமாக என் மகளின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். பானெட்டைத் திறக்கும்போது டார்ச் அடித்துப் பார்ப்பேன். கோடு விலகவில்லை என்றால் நட்டு நகரவில்லை. மூன்று வருடம் ஆகிறது. பழனிக்கு மட்டும் ஏழு தடவை போய்வந்தாயிற்று. அம்மாவின் புளியும் தொடர்கிறது.

கை உள்ளே போகுமா என்று முதலில் பாருங்கள். என் வண்டியில் பானெட்டைத் திறந்து மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகளை எடுத்தால் கை போகும். சில வண்டிகளில் பம்பரையே கழற்ற வேண்டி வரும், அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உள்ள புது மாடல் என்றால் இன்னொரு எச்சரிக்கை. அதன் ரேடார் பல கார்களில் கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னாலோ கீழ்க் கிரில்லிலோதான் இருக்கும். அதற்கு முன்னால் உலோகம் எதையும் வைக்கக் கூடாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் இடம் போட்டிருப்பார்கள்.

இதற்குள் ஒருவர் ‘2017-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டதே’ என்று எழுத ஆரம்பித்திருப்பார். அது பம்பருக்கு முன்னால் போடும் இரும்புக் கம்பித் தடுப்புக்கு. கிரில்லோடு ஒட்டி நிற்கும் ஒரு சாண் வேல் அந்த ரகம் இல்லை என்பது என் புரிதல், நான் வக்கீல் இல்லை. நம்பர் பிளேட்டை மட்டும் மறைக்காதீர்கள். நான்கு சிங்கச் சின்னம் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை, அதற்கு 2005-லேயே தனிச் சட்டம் இருக்கிறது, நம்மைப் போன்றவர்கள் வைக்கக் கூடாது.

வேலின் நுனி கிரில்லை விட்டு முன்னால் நீட்டவே கூடாது. பட்டறைக்காரர் சிதைந்த நுனியை அரத்தால் உருட்டிவிட்டார். ‘முருகன் வேலை மழுங்கடிக்கலாமா?’ என்று என் மாமியாரே கேட்டார். மெர்சிடிஸ் காரின் பானெட்டில் நிற்கும் நட்சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள், அடியில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள், யார் மேலாவது பட்டால் சாய்ந்துவிடும். நம் வேல் சாயாது. சைக்கிளில் குறுக்கே வரும் பிள்ளையின் முழங்காலில் அது ஏற வேண்டுமா என்று கேட்டேன். அதற்கு அப்புறம் அவர் பேசவில்லை.

போன தை மாதம் அண்ணன் புதுக் கார் எடுத்தார். வீட்டுக்கு வந்தவர் என் வண்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். குனிந்து வேலைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். ‘அப்பாவோடது, பெரியவன் வண்டில இருந்தா நல்லா இருக்கும்னு உங்க அண்ணி சொல்றா’ என்றார்.

‘அது பத்தவெச்சதுங்கண்ணா. கழட்டணும்னா கிரில்லையே ஒடைக்கணும்’ என்றேன்.

7 எம்எம் ஸ்பேனர் டேஷ்போர்டில்தான் இருந்தது.