பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருவது: கேள்விகளும் பதில்களும்

பொது நூலகம் ஒன்றில் 11 ஆண்டுகளாகப் பெரியவர்களுக்குப் படிக்கவும் எழுதவும் சொல்லித்தருகிறேன். புதிதாக வரும் தன்னார்வலர்கள், நூலகர்கள், வீட்டில் ஒருவரைப் படிக்க வைக்க நினைப்பவர்கள் எனப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

நான் கல்லூரி மாணவி. ஆசிரியர் பயிற்சி எதுவும் இல்லை. என்னால் சொல்லித்தர முடியுமா அக்கா?

முடியும்மா. 1930களில் பிலிப்பைன்ஸில் மரனாவ் மக்களிடையே பிராங்க் லாபக் என்பவர் எழுத்தறிவு வகுப்புகள் நடத்தினார். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமல் போனபோது, கற்ற ஒவ்வொருவரும் இன்னொருவருக்குச் சொல்லித்தருவது என்ற முறை அங்கே உருவானது. நேற்றுவரை படிக்கத் தெரியாமல் இருந்தவர்களே ஆசிரியர்கள் ஆனார்கள். பட்டம் இல்லாதது உனக்குத் தடை இல்லை.

ஆனால் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். குறைந்தது ஆறு மாதம், வாரம் இரண்டு நாள் தவறாமல் வர முடியும் என்றால் மட்டும் தொடங்கு. எங்களிடம் ஒரு தன்னார்வலர் நன்றாகச் சொல்லித்தந்துகொண்டிருந்தார். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரிடம் படித்த அம்மா மூன்று வாரம் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்த்தார். வேறு ஒருவர் சொல்லித்தருகிறேன் என்று கூப்பிட்டபோது, "எனக்குத்தான் வராதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சு போல" என்றார். அப்புறம் அவர் வரவே இல்லை. தேர்வு வந்தால், ஊருக்குப் போனால், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போ. அது போதும்.

இன்னொன்று, அவர் ஒரு சொல்லில் தடுமாறும்போது உடனே எடுத்துக் கொடுக்காதே. மனதுக்குள் ஐந்து வரை எண்ணு. பாதி நேரம் அந்த ஐந்துக்குள் அவரே சொல்லிவிடுவார்.

என் மாமியாருக்கு 61 வயது. "இனிமேல் எனக்கு என்ன ஏறப்போகுது" என்கிறார். உண்மையிலேயே ஏறுமா?

ஏறும். ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் என்ற பிரெஞ்சு மூளையியல் அறிஞரும் அவர் குழுவினரும் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் படிக்கத் தெரியாதவர்கள், சிறுவயதில் பள்ளியில் படித்தவர்கள், வளர்ந்த பிறகு படிக்கக் கற்றவர்கள் என மூன்று வகையினரின் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். எழுத்தைப் பார்த்ததும் வேலை செய்யத் தொடங்கும் பகுதி ஒன்று மூளையில் உண்டு. வளர்ந்த பிறகு கற்றவர்களிடமும் அது உருவாகியிருந்தது. கென்யாவில் கிமானி மாருகே என்ற பெரியவர் 2004-ல் முதல் வகுப்பில் சேர்ந்தபோது அவருக்கு வயது 84. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

அதற்கு முன் அவர் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருவது எல்லாருக்கும் பொது. படித்துப் பழகியவருக்கு எழுத்து மங்குவது உடனே தெரியும். படித்தே பழகாதவருக்கு எழுத்து என்றாலே இப்படித்தான் மங்கலாக இருக்கும்போல என்று தோன்றும். என்னிடம் வந்த ஓர் அம்மா நோட்டை மேசையின் மறுமுனைக்குத் தள்ளித் தள்ளி வைப்பார். ஆர்வம் இல்லை என்று இரண்டு வாரம் தவறாக நினைத்துவிட்டேன். பரிசோதித்து மூக்குக்கண்ணாடி போட்டு வந்த அன்று, "ட"வின் மூலையை விரலால் தடவி, "இது இவ்வளவு கூரா இருக்குமா?" என்று கேட்டார்.

முடிந்தால் நீங்களே சொல்லித்தராதீர்கள். வீட்டில் மருமகளிடம் தவறு செய்வது அவருக்குக் கூச்சமாக இருக்கும். நூலகத்தில் வேறு ஒருவர் சொல்லித்தரட்டும். நீங்கள் கூட வந்து விட்டுவிட்டுப் போங்கள்.

எந்த எழுத்தில் தொடங்குவது? அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத்தானே?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான், நீளமாகவே சொல்கிறேன்.

வரிசையாகப் போனால் 247 எழுத்துகள். ஒரு மாதம் ஆகியும் அவரால் ஒரு முழுச் சொல்லைப் படிக்க முடியாது. ஒருநாள் உழைப்புக்குப் பிறகு களைத்து வருகிறவரிடம் "பொறுங்கள், பிறகு பயன்படும்" என்று சொல்லிக்கொண்டே இருக்க முடியாது. முதல் நாளே அவர் ஒரு சொல்லைப் படித்துவிட்டு எழுந்து போகவேண்டும்.

கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயும் அவர் குழுவினரும் 1963-ல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் செய்தது இதுதான். முதலில் மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் வாழ்க்கையில் கனம் உள்ள சொற்கள் எவை என்று கேட்டார்கள். அந்தச் சொற்களை அசைகளாகப் பிரித்து, மாற்றிச் சேர்த்துப் புதுச் சொற்களைக் கற்பவர்களையே உருவாக்கச் சொன்னார்கள். சுமார் 300 பேர், ஏறத்தாழ 40 மணி நேர வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்கள்.

தமிழுக்கு இது அருமையாகப் பொருந்தும். "படம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ப, ட, ம் என்று மூன்றே எழுத்து. புள்ளியை இடம் மாற்றக் கற்றுக்கொண்டால் பட்டம், மட்டம். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம். இகரக் கொக்கியைச் சேர்த்தால் படி, மடி, பாட்டி. இரண்டு வகுப்புக்குள் எட்டுச் சொல். ஒவ்வொன்றும் அவர் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கும் சொல்தான்.

எந்தச் சொல்லில் தொடங்குவது என்பதை அவரிடமே கேளுங்கள். மனைவியின் மாத்திரைகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். மாத்திரை உறைகளில் எழுதியிருக்கும் நேரம் அவருக்குப் படிக்கத் தெரியவேண்டும். காலை, மாலை என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிதாக எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். விரலை வைத்து முதல் எழுத்தை மறைத்தார். "பின்பாதி ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். ஆமாம் ஐயா என்றேன். "அப்போ இதை மாத்தினா போதும்" என்று மறைத்த இடத்தைத் தட்டினார். "ச" எழுதி, துணைக்கால் போட்டுக் கொடுத்தேன். "சாலை" என்று அவரே படித்தார். எழுத்து எப்படி வேலை செய்கிறது என்பதை நான் சொல்லித்தரவில்லை, அவரே கண்டுபிடித்தார். அப்புறம் அவரை யாரும் பிடித்து இழுக்கவேண்டி வரவில்லை.

கொம்பு வைத்த எழுத்துகளைத் தள்ளிப்போடுங்கள். "பெட்டி" என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி ப்-க்குப் பின்னால் வருகிறது. "பொட்டு" இன்னும் சிரமம், இருபக்கமும் குறி. கொம்பையும் எழுத்தையும் பிரிக்காமல் ஒரே அட்டையில் எழுதி, சேர்த்து ஓர் உருவமாகவே பழக்குங்கள்.

ஒன்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். "க" என்ற ஒரே எழுத்துக்குக் கடல், பகல், தங்கம் என்று இடத்துக்கு இடம் ஒலி மாறுகிறதே, எப்படி விளக்குவது என்று பலர் கேட்கிறார்கள். தமிழ் பேசி வளர்ந்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சொல் இன்னதென்று தெரிந்ததும் நாக்கு தானாகச் சரியாகச் சொல்லிவிடும்.

குழந்தைகளின் பாடப்புத்தகத்தை வைத்துச் சொல்லித்தரலாமா?

தயவுசெய்து வேண்டாம். குடும்பத்தையே தாங்கி நிற்கும் ஒருவர் கையில் பொம்மைப் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால், அவர் கேட்காத ஒரு செய்தியையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

அதைவிட நல்ல வழி, அவரையே பேசச் சொல்லி நீங்கள் எழுதுவது. இன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். நாலைந்து வாக்கியம் போதும், அதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், பிறகு அவர் படிக்கட்டும். தன் சொற்கள் என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவருக்கு முன்பே தெரியும். ஒரு வருடத்தில் இப்படிச் சேரும் தாள்களைத் தைத்தால் அவர் எழுதிய புத்தகம் ஒன்று கையில் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் வரும். அவர் "மழை வந்துச்சு" என்பார். அச்சில் "மழை வந்தது" என்றுதான் இருக்கும். எதை எழுதுவது? முதலிலேயே எழுத்து வழக்கைப் பழக்கவேண்டும் என்பவர்கள் உண்டு. நான் "வந்துச்சு" என்றே எழுதுகிறேன். நாம் திருத்தி எழுதினால், வாயில் வந்ததும் தாளில் இருப்பதும் வேறாகி, தான் தவறாகப் படிப்பதாக நினைத்துக்கொள்வார். சரளமாகப் படிக்கத் தொடங்கியதும் "புத்தகத்தில் இதை வந்தது என்று போடுவார்கள்" என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

நூலகத்தில் பழைய பாடநூல்கள் கிடந்தால் பார்த்து எடுங்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சானவற்றில் லை, னை, ணா, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும். புதிதாகக் கற்பவருக்கு அது வீண் குழப்பம்.

நான் நூலகர். இருக்கிற ஆட்களே போதவில்லை. எழுத்தறிவு வகுப்பு உண்மையில் நூலகத்தின் வேலையா?

ஆம் ஐயா. பொது நூலகங்களுக்காக யுனெஸ்கோவும் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவும் 1994-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையிலேயே அது இருக்கிறது. எல்லா வயதினருக்குமான எழுத்தறிவு வேலைகளுக்குத் துணை நிற்பதும், தேவைப்பட்டால் தானே தொடங்குவதும் நூலகத்தின் பணி என்கிறது. 2022-ல் அதைப் புதுப்பித்தபோதும் எழுத்தறிவு மையமாகவே இருந்தது.

ஆனால் நீங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு மேசை, ஓர் அலமாரி, வேலை முடிந்து வர வசதியான நேரம், இவ்வளவு கொடுத்தால் மற்றதைத் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேசையைக் குழந்தைகள் பகுதியிலும் போடாதீர்கள், வாசலுக்கு நேராகவும் போடாதீர்கள். "எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான வகுப்பு" என்று பதாகை கட்டாதீர்கள். யாருக்காகக் கட்டுகிறோமோ அவரால் அதைப் படிக்க முடியாது, மற்ற எல்லாராலும் முடியும். செய்தி வாய்வழியாகத்தான் போகவேண்டும்.

அப்புறம் உறுப்பினர் படிவம். "இதை நிரப்பிக் கொடுங்கள்" என்று நீட்டும் இடத்திலேயே பலர் "கண்ணாடி எடுத்துட்டு வரலை, நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிப் போகிறார்கள். யார் வந்தாலும் விவரம் கேட்டு ஊழியரே நிரப்புவது என்று வழக்கமாக்கிவிட்டால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள்.

என்னிடம் படிப்பவர் இரண்டு வாரமாக வரவில்லை. விட்டுவிட்டாரா?

போன் செய்யுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். "உங்கள் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, செவ்வாய்க்கிழமை நான் இருப்பேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

போனே எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறது. இந்தக் காலத்தில் பெரியவர்களைச் சிரமப்படுத்த வேண்டுமா? கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதாதா?

கையெழுத்தைப் படம் வரைவதுபோல ஒரே நாளில் பழக்கிவிடலாம். ஆனால் படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடத் தெரிந்திருப்பது கைரேகை வைப்பதைவிட எந்த வகையிலும் பாதுகாப்பானது இல்லை. அன்றாட வாழ்க்கை பற்றிய எளிய, சிறிய கூற்று ஒன்றைப் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிவதே எழுத்தறிவு என்று யுனெஸ்கோ 1958-லேயே வரையறுத்தது. நானும் அதையே இலக்காக வைக்கிறேன்.

போனை எதிரியாகப் பார்க்கவும் வேண்டாம். போனில் சேமித்த பெயர்களைப் படிப்பது நல்ல பயிற்சி. பேசினால் எழுத்தாக மாற்றித்தரும் வசதியில் அவர் ஒரு வரி சொல்லட்டும். அது சரியாக வந்திருக்கிறதா என்று அவரே படித்துப் பார்க்கட்டும்.

பணமாக உதவ விரும்புகிறேன். எதற்குக் கொடுப்பது?

கண் பரிசோதனைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும். அடுத்து, பெரிய எழுத்தில், எளிய நடையில், பெரியவர்களுக்கான விஷயங்களோடு உள்ள புத்தகங்களுக்கு. மூன்றாவது, வகுப்பு நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கு. கைக்குழந்தையோடு வரும் பெண்கள் பாதியில் நின்றுபோவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நோட்டும் பேனாவும் எல்லாரும் கொடுக்கிறார்கள்.

"எனக்கு 47 வயசு. நான் படிக்க வர்றது யாருக்கும் தெரியக் கூடாது. பசங்களுக்குக்கூடத் தெரியாது. முடியுமா?"

இது குரல் பதிவாக வந்த கேள்வி. குரலிலேயே பதில் அனுப்பிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் தெரிந்த ஒருவருக்குப் படித்துக் காட்டலாமே என்று இங்கேயும் எழுதுகிறேன்.

முடியும் அண்ணா. உலகத்தில் 70 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்கிறது யுனெஸ்கோ கணக்கு. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

நூலகம் எல்லாரும் வந்துபோகும் இடம். எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. வந்ததும் முன்மேசையில் என்னைப் பார்க்க வந்ததாக மட்டும் சொல்லுங்கள். உள்ளே சன்னலோரம் ஒரு மேசை இருக்கிறது, அங்கே இருப்பேன். கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம். உங்கள் நோட்டு இங்கேயே அலமாரியில் இருக்கும்.